பின் சீட்டில் பெரியம்மா

கொழும்பிலிருந்து மடுல்சீமைக்கு எங்கள் சின்னக் காரில் போய்ச் சேர ஒன்பது மணித்தியாலம் பிடிக்கும். அது மழை இல்லாத நாளில், பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு. எங்களுக்குப் பத்தரை, சில நாளில் பதினொன்று. சித்திரைக்கும் ஆகஸ்ட் லீவுக்கும் தீபாவளிக்கும் என்று வருஷத்துக்கு மூன்று தடவை அந்தப் பயணம் போனோம். அங்கே தேயிலைத் தோட்டத்தில் அப்பா இருந்தார். போகாமல் இருக்க முடியாது.

என் வீட்டுக்காரர் கார் ஓட்டுவார். நான் அவர் பக்கத்தில். பின் சீட்டில் மகள், மகன், இரண்டு பேருக்கும் நடுவில் என் அக்கா. அந்தப் பதினொரு மணித்தியாலமும் பிள்ளைகளைச் சிணுங்காமல் வைத்திருந்தது அக்காதான். நான் முன்னால் இருந்து பிஸ்கட் பக்கெட்டை உடைத்துப் பின்னுக்கு நீட்டுவேன். என் பங்கு அவ்வளவுதான்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். எனக்குப் பத்து வயதில் அம்மா இறந்துபோனார். அதற்கு அடுத்த வருஷம் அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனாள். நான் பதுளையில் விடுதியில் தங்கி உயர்தரம் படித்ததும், பிறகு கொழும்பில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அவள் முதுகில் ஏறித்தான். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். எட்டு வருஷம் வாழ்ந்தாள். பிள்ளை இல்லை என்று சொல்லி அந்த மனுஷன் ஒரு நாள் அவளை பஸ்ஸில் ஏற்றி அப்பாவிடம் அனுப்பிவிட்டார். பையில் மூன்று சேலையும் ஒரு குடையும் இருந்தன என்று அப்பா பிறகு சொன்னார்.

மகள் பிறந்து என் பிரசவ லீவு முடிகிற நேரத்தில் நான்தான் அவளைக் கூப்பிட்டேன். "அக்கா, கொஞ்ச நாளைக்கு வந்து இருங்க. வேற யாரை நம்பி விடுறது?" என்று கேட்டேன். வந்தாள். கொஞ்ச நாள் என்றது ஏழு வருஷமானது. மகனும் அவள் கையில்தான் வளர்ந்தான்.

அவளுக்கு விளையாட்டுக் காட்டத் தெரியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. சின்ன வயதில் என்னோடு விளையாட அவளுக்கு ஏது நேரம்? மகளுக்கு இரண்டு வயதில் போன முதல் நீண்ட பயணத்தில், அவிசாவளை தாண்டுமுன்னே பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டார். அக்கா தன் கைக்குட்டையை இரண்டு முடிச்சுப் போட்டு ஒரு எலி செய்தாள். அந்த எலி கார்க் கண்ணாடியில் ஏறி, வெளியே போகிற ஆட்களுக்கெல்லாம் குசலம் விசாரித்தது. "என்னங்க, வெங்காயம் வாங்கவா போறீங்க? மழை வரப்போகுது, வெரசா போங்க." பிள்ளை அழுகையை நிறுத்தி எலியைப் பார்த்தாள். இரத்தினபுரி வரை எலி பேசிக்கொண்டே வந்தது.

வருஷங்கள் போகப் போக விளையாட்டுகள் கூடின. எதிரே மரக்கறி லொறி வந்தால், அதில் போகிற கோவாவும் லீக்சும் யார் வீட்டுக்குப் போகின்றன என்று சொல்ல வேண்டும். மகள் சொல்லுவாள், "மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு மாமா வீட்டுக்கு." அக்கா விடமாட்டாள். "அவருக்கு எத்தனை பிள்ளைங்க? கோவா யாருக்குப் பிடிக்காது?" அப்படியே ஒரு குடும்பம் உண்டாகிவிடும். அடுத்த லொறிக்கு அடுத்த குடும்பம். வலப் பக்கத்துக் கண்ணாடி மகனுக்கு, இடப் பக்கத்துக் கண்ணாடி மகளுக்கு. ரோட்டோரம் படுத்திருக்கிற நாய்கள் அவரவருக்குச் சொந்தம். எழும்பி நிற்கிற நாய் கணக்கில் சேராது, அது வேலைக்குப் போகிற நாய்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஆட்டின் கதை. கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்கைக் கட்டிக்கொண்டு ஒரு ஆடு, எங்களுக்கு முன்னால் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும். அதற்குக் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டில் போய் நின்று பேர் கொடுக்க வேண்டும். நேரமாகிவிட்டது. கங்காணி ஏசுவார். பஸ்ஸில் ஆட்டை ஏற்ற மாட்டார்கள், அதனால் கொழும்பிலிருந்து நடந்தே போகிறது. பலாங்கொடையில் தேத்தண்ணி குடித்தது, பெலிஹுல்ஓயாவில் குளித்தது, குளித்த இடத்தில் தொப்பியை மறந்து வைத்துவிட்டது. நாங்கள் எப்போதும் அதற்கு ஒரு வளைவு பின்னால்.

"பெரியம்மா, ஆடு எங்க?"

"இப்பதான் அந்த முடக்குல திரும்பிச்சு. வால் தெரிஞ்சுச்சே, நீ பார்க்கலயா?"

ஹல்துமுல்லையைத் தாண்டிப் பாதை சுற்றிச் சுற்றி ஏறுகிற இடத்தில்தான் மற்றப் பிள்ளைகள் எல்லாம் வாந்தி எடுப்பார்கள். எங்கள் பிள்ளைகள் கழுத்தை நீட்டி அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றாது என்று அக்காவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. கையில் எப்போதும் தோடம்பழத் தோல் வைத்திருப்பாள். இடைக்கிடை பிழிந்து அந்தப் புளிப்பு வாசத்தை அவர்கள் மூக்கருகில் காட்டுவாள். வீட்டுக்காரரும் அந்தக் கதையில் மாட்டிக்கொண்டார். முன்னால் ஒரு பஸ் அசைந்து போனால், "மதினி, ஓவர்டேக் பண்ணவா, ஆடு பஸ்ஸுக்கு முன்னுக்கா பின்னுக்கா?" என்று கேட்பார்.

இதையெல்லாம் இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது நான் சிரித்தேனா என்று யோசித்தால், முதல் இரண்டு மூன்று வருஷம் சிரித்தேன். அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை.

நான் காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவேன். திரும்ப ஏழு மணியாகும். அதற்குள் பிள்ளைகள் குளித்து, சாப்பிட்டு, பாடம் செய்து முடித்திருப்பார்கள். நான் கேட்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது. "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால், "பெரியம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்பாள் மகள். மகன் இருட்டுக்குப் பயந்து எழும்பினால் என்னைத் தாண்டிப் போய் அக்காவின் பாயில் படுப்பான். அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர்கள், "உனக்குக் குடுத்து வச்சிருக்கு, வீட்டுல ஆள் இருக்கு" என்றார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு மேசையைப் பார்த்து வேலை செய்வேன்.

பயணம் போகிற நாட்கள்தான் நான் பிள்ளைகளோடு முழுசாக இருக்கிற நாட்கள். அந்த நாளிலும் சிரிப்புச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

ஒரு ஆகஸ்ட் லீவில், வீட்டிலிருந்து கிளம்பும்போதே, "இன்னைக்கு நான் பின்னால இருக்கிறேன். அக்கா முன்னுக்கு வசதியா இருக்கட்டும்" என்றேன். மகள் முகத்தைச் சுளித்தாள். அக்கா முன்னால் ஏறினாள். அவிசாவளை வரை நன்றாகப் போயிற்று. பிறகு மகன் கேட்டான், ஆடு எங்கே என்று. நான் குரலை மாற்றி, ஆடு பேசுகிற மாதிரி ஏதோ சொன்னேன்.

"அப்படி இல்லம்மா," என்றாள் மகள். "ஆடு அப்படிப் பேசாது."

"பின்ன எப்படிப் பேசும்?"

"அது பேசவே பேசாது. அது போயிருக்கும். நம்ம பார்க்கத்தான் வேணும்."

நான் வேறொரு கதை சொன்னேன். மகன் என் தோளுக்கு மேலால் எட்டி முன் சீட்டைப் பார்த்து, "பெரியம்மா, நீங்க சொல்லுங்க" என்று அழுதான். அக்கா திரும்பவில்லை. "அம்மா சொல்றாங்கல்ல, அதைக் கேளு" என்று ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். பெல்மதுளையில் காரை நிறுத்தி இடம் மாறினோம். நான்தான் கேட்டேன். அக்கா பின்னால் ஏறிக் கதவைச் சாத்திய அந்த நிமிஷமே அழுகை நின்றுவிட்டது. எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. அவள் என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் கோபத்தைக் கூட்டியது.

அதற்கு அடுத்து வந்த தீபாவளிப் பயணத்துக்கு முன்னால் நான் பிள்ளைகள் படம் பார்க்க இரண்டு டெப் வாங்கினேன். ஒன்று வாங்கினால் சண்டை வரும், அதனால் ஆளுக்கொன்று. இரண்டு இரவு உட்கார்ந்து கார்ட்டூன்களை இறக்கி நிரப்பினேன். காதில் போடுகிற ஹெட்ஃபோனும் ஆளுக்கொன்று. வீட்டுக்காரர், "எதுக்கு? மதினி இருக்காங்கல்ல" என்றார்.

"அவங்களும் பாவம், பத்து மணித்தியாலம் கத்திக்கிட்டே வர்றாங்க. கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்," என்றேன்.

அக்காவிடமும் அதையே சொன்னேன். அவள் டெப்பைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பித் தந்தாள்.

அந்தப் பயணம் அமைதியாக இருந்தது. இரண்டு பிள்ளைகளும் குனிந்த தலை நிமிரவில்லை. அவிசாவளை போயிற்று, இரத்தினபுரி போயிற்று. ஒரு மரக்கறி லொறி வந்தபோது அக்கா, "இந்தா வருது பாருங்க, கோவா லொறி" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. மகளின் தோளை மெதுவாகத் தொட்டாள். மகள் ஒரு காதைத் திறந்து, "ஷ்ஷ், பெரியம்மா, இப்பதான் முக்கியமான இடம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டாள்.

எனக்கு முன்னால் வெயில் மறைக்கிற பலகையில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதை இறக்கி, பொட்டைச் சரிசெய்கிற மாதிரி பின்னால் பார்த்தேன். அக்கா இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில், மடியில் கைகளை வைத்துக்கொண்டு, முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோடம்பழத் தோல் சொப்பிங் பேக்கில் அப்படியே கிடந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை வேறு வார்த்தையில் சொல்லலாமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வேறு வார்த்தை இல்லை. சந்தோஷம்தான்.

"மதினிக்கு என்னாச்சு, பேச்சையே காணோம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"தூக்கம் போல," என்றேன் நான்.

பெலிஹுல்ஓயாவில் பனிசும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தோம். அக்கா பிள்ளைகளிடம், "கொஞ்ச நேரம் அதை வச்சிட்டு வெளியில பாருங்க. இனி முடக்குதான்" என்றாள். நான் குறுக்கே விழுந்தேன். "பரவாயில்லக்கா, பார்க்கட்டும். அமைதியா வர்றாங்கல்ல."

ஹல்துமுல்லை தாண்டி வளைவுகள் தொடங்கின. மகன் தலையைக் குனிந்தபடியே இருந்தான். பெரகல சந்திக்கு ஒரு கால் மைல் இருக்கும்போது வாந்தி எடுத்தான். சட்டை, சீட், டெப், அக்காவின் சேலை, எல்லாம் நனைந்துவிட்டது. மகள் கத்தினாள். வீட்டுக்காரர் காரை ஓரம் கட்ட இடம் தேடிச் சந்தி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்க் கடை வரிசைக்கு முன்னால் நிறுத்தினார்.

நான் இறங்கிப் பின் கதவைத் திறந்தேன். மகன் வெளுத்துப் போய் அக்காவின் தோளில் சாய்ந்திருந்தான். அவள் தன் முந்தானையால் அவன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துலேயே இருந்துக்கிட்டு பார்க்க மாட்டியா?" என்றேன். அது வரைக்கும் அக்காவை நான் நீ என்று பேசியதில்லை. "முகம் மாறினா தெரியாதா? ஒரு பேக்கையாவது பிடிச்சிருக்கலாமே."

"அவன் குனிஞ்சிக்கிட்டு இருந்தான். முகம் தெரியல," என்றாள் அக்கா.

"பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

கடை வாசலில் பஸ்ஸுக்கு நின்ற மூன்று நான்கு பேர் எங்களைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் என் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டார், அதோடு நிறுத்திக்கொண்டார். மகள் காரின் அந்தப் பக்கத்தில் நின்று என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. சொன்னது விளங்கியிருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மகனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனாள். கடைக்காரரிடம் ஒரு வாளி கேட்டு வாங்கினாள். பிள்ளையின் முகம் கழுவி, சட்டையைக் கழற்றி அலசிப் பிழிந்தாள். தன் சேலையை உடம்பிலேயே வைத்துத் தண்ணீர் ஊற்றித் துடைத்தாள். பெரகலயில் எப்போதும் காற்று அடிக்கும். ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டு வந்து, ஒரு துணியால் சீட்டையும் துடைத்தாள். நான் டெப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்க அங்கே நேரம் இருந்தது. அப்புத்தளை வரை ஏறும்போதும் இருந்தது, பண்டாரவளையிலும் ஹாலிஎலயிலும் இருந்தது. பதுளையில் வீட்டுக்காரர் மருந்துக் கடைக்குப் போன பத்து நிமிஷமும் நாங்கள் இரண்டு பேரும் காரில் தனியாகத்தான் இருந்தோம், பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். என் வாயில் வந்தது, "அக்கா, குளிருதா?" என்பது மட்டுந்தான். "இல்ல" என்றாள். பசறை தாண்டி மடுல்சீமைப் பாதையில் ஏறும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் காலை நாங்கள் பைகளைக் காரில் ஏற்றினோம். அக்காவின் பை வரவில்லை. வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நான் இங்கயே இருந்துக்கிறேன். அப்பாவுக்கு முன்ன மாதிரி இல்ல. ராவெல்லாம் இருமுறாரு," என்றாள்.

அவருக்கு இருமல் இருந்தது உண்மை. அது ஐந்து வருஷமாக இருந்தது. "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன். "பார்ப்போம்," என்றாள். மகன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என்னிடம் தந்தாள். "அம்மாகிட்ட போ. அம்மா கூட போனா நேரம் போறதே தெரியாது."

எனக்குள் அப்போது பயமும் இருந்தது, ஒரு ஆறுதலும் இருந்தது. இனிப் பிள்ளைகள் எனக்குத்தான் என்ற ஆறுதல். அது பலாங்கொடை வரை நீடித்தது.

பலாங்கொடையில் முதல் டெப் அணைந்தது. பத்து நிமிஷத்தில் மற்றதும் போயிற்று. தோட்டத்தில் சார்ஜ் போட நான் மறந்துவிட்டேன். அந்தப் பின் சீட்டில் அன்று நான் இருந்தேன். கைக்குட்டையை முடிந்து பார்த்தேன், எலி வரவில்லை. நாய்கள் வந்தன, ஆனால் எது யாருடையது என்று அவர்கள் சண்டை பிடித்தார்கள். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அழுதாள். மகன் பெரியம்மாவுக்குப் போன் எடுக்கச் சொன்னான். எடுத்தேன். மடுல்சீமையில் அந்த நேரம் சிக்னல் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கிடைக்காததில் எனக்கு நிம்மதி. கிடைத்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன்? இரத்தினபுரியில் இரண்டு பேரும் அழுது களைத்துத் தூங்கிப் போனார்கள். வீட்டுக்காரர் வழியெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா திரும்பி வரவில்லை. சில மாதங்களில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஒரு வேலை கிடைத்து அதில் சேர்ந்தாள். தாய்மார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. நாங்கள் கொழும்பில் ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்தோம். பிறகு அதையும் விட்டு, பள்ளி முடிந்து பிள்ளைகள் பக்கத்தில் ஒரு டியூஷன் வகுப்பில் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஊரடங்கு வந்தது. அது முடிந்து மூச்சு விடுமுன் நாட்டிலேயே பெட்ரோல் இல்லாமல் போயிற்று, கார் பல மாதம் வாசலில் நின்றது. தோட்டத்துக்கு நாங்கள் போகவே முடியாத காலம் ஏறக்குறைய மூன்று வருஷம். போனில் பேசுவோம். அக்கா பிள்ளைகளின் உடம்பைப் பற்றிக் கேட்பாள், பிள்ளைகள் நல்லா இருக்கோம் என்பார்கள், போன் என்னிடம் வந்துவிடும். அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிருந்தது. அவளோடு கூட இருந்தபோது ஒரு எறும்பைப் பார்த்தாலும் சொல்லக் கதை இருந்தது.

மறுபடியும் நாங்கள் போகத் தொடங்கியபோது மகளுக்குப் பதினொரு வயது. மகனுக்கு எட்டு. பின் சீட்டில் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளத் தேவையில்லாத வயது. அக்கா லயத்து வாசலுக்கு வந்து அவர்கள் கன்னத்தைத் தொட்டாள். மகன் கொஞ்சம் பின்னுக்குப் போனான். "வளர்ந்துட்டாங்க," என்றாள் அக்கா. கையை எடுத்துவிட்டாள்.

போன சித்திரையில்தான் நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்க எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. அன்றைக்குக் காலையில் அக்காவைத் தேடிப் பிள்ளைக்காம்பராவுக்குப் போயிருந்தேன். லீவு நாள், பிள்ளைகள் இல்லை. அவள் தரையைக் கழுவிவிட்டு, தொட்டில் துணிகளைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிழிந்து கொடுத்தேன். எதிரே மலை முழுக்க வெயில். பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல் நேராகவே சொன்னேன்.

"அக்கா, பெரகலயில நான் அன்னைக்குச் சொன்னது."

அவள் கை நிற்கவில்லை. துணியை உதறினாள்.

"அதுக்கு மன்னிப்புக் கேட்கணும்னு இருந்தேன். இத்தனை வருஷமா வாய் வரல."

"அந்த வார்த்தையா?" என்றாள் அக்கா. "அதை ஊரே எனக்குச் சொல்லியிருக்கு. மாமியா சொல்லியிருக்கா, கட்டினவன் சொல்லியிருக்கான். நீ சொன்னதுக்கா நான் நின்னுட்டேன்னு நினைச்சிக்கிட்டு இருக்கியா?"

"பின்ன?"

அவள் ஒரு துணியை விரித்து, இரண்டு முனையையும் சரிபார்த்துக் கொடியில் போட்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"நீ அந்த டெப்ப வாங்கிக்கிட்டு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். நான் ரெஸ்ட் எடுக்கிறதுக்குன்னு சொன்ன. என்னைப் பார்த்துச் சொல்லல, புள்ளைங்கள பார்த்துச் சொன்ன. உனக்கு உன் புள்ளைங்க வேணும்னு இருந்திச்சு. அதுல தப்பு என்ன இருக்கு? நீ பெத்தவ. எங்கிட்ட கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நானே முன் சீட்டுல போய் உக்காந்திருப்பேன். அந்தக் கதை எல்லாத்தையும் உனக்குச் சொல்லியும் குடுத்திருப்பேன்."

"பெல்மதுளையில நான்தானே திரும்பப் பின்னால வரச் சொன்னேன்," என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஒரு நாள் பார்த்தா வந்திருமா? எனக்கே எத்தனை நாள் எடுத்துச்சு. நீ பொறுக்கல. உனக்கும் கிடைக்கல, எனக்கும் கிடைக்கல. அதுங்களுக்கும் கிடைக்கல," என்றாள். "அதை நினைச்சாதான் எனக்கு ஆத்திரம் வருது. வேற ஒண்ணும் இல்ல."

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்பி வந்தபோது கையில் இரண்டு கிளாசில் வெறும் தேத்தண்ணி இருந்தது. வாசல் குந்தில் உட்கார்ந்து குடித்தோம். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. கோபமாக இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. அங்கே வருகிற ஒரு பெண்பிள்ளை நித்திரையில் சிரிக்கிறது என்று சொன்னாள். அந்தப் பிள்ளை சிரிக்கிற மாதிரியே செய்து காட்டினாள். எனக்கு அவளை அப்படிப் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

கொழும்புக்குத் திரும்பும் நாளில், "எங்க கூட வந்து ஒரு பத்து நாள் இருந்துட்டுப் போங்களேன்" என்று கேட்டேன். "எனக்கு இங்க இருபத்திரெண்டு புள்ளைங்க இருக்கு. யார் பார்க்கிறது?" என்றாள். அதில் குத்தல் இல்லை. அவளுக்கு உண்மையாகவே வேலை இருந்தது.

பசறையை நோக்கி இறங்கும்போது மகள் காதிலிருந்த ஹெட்ஃபோனை எடுத்துவிட்டு முன்னால் சாய்ந்தாள். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது.

"அம்மா, பெரியம்மா முந்தி நம்ம வீட்டுலதானே இருந்தாங்க? ஏன் போனாங்க?"

வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் எனக்காகப் பதில் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தது.

"தாத்தாவுக்கு உடம்பு சரியில்லாம போச்சு," என்றேன். "பிறகு இங்க வேலையும் கிடைச்சிருச்சு."

"ஓ," என்றாள் மகள். இன்னும் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் சீட்டில் சாய்ந்து, எடுத்ததை மறுபடியும் காதில் வைத்துக்கொண்டாள். பதுளை வரும் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளிடம் சரியானதை இன்னும் சொல்லவில்லை.